அந்த ஓடை எத்தனை நாள் ஓடுகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டிஜிட்டல் வரைபடங்கள் வந்துவிட்டன, இனி புவியியல் வகுப்புக்கு ஒரு நல்ல திரையும் இணைய இணைப்பும் இருந்தால் போதும் என்று போன வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்துக் கோபப்பட்ட வாசகர் ஒருவர், போன்களைப் பூட்டி வைத்துவிட்டுப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போங்கள் என்று எழுதியிருந்தார். நான் 23 வருடங்களாகப் புவியியல் நடத்துகிறவள். இரண்டையும் தனித்தனியாகச் செய்து பார்த்து இரண்டிலும் தோற்றவள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரையில் தோற்றதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்புக்குப் பெரிய தொடுதிரை வந்த வருடம், கூகுள் எர்த்தில் ஏரல் கடலைக் காட்டினேன். 1960 வாக்கில் உலகின் நான்காவது பெரிய ஏரி அது. 1984இலிருந்து வருடம் வருடமாகப் படத்தை ஓட்டினால், நீலம் சுருங்கிச் சுருங்கி வெளுத்த மணலாகிவிடும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மூன்று முறை ஓட்டச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த தேர்வில், அந்த ஏரி ஏன் வற்றியது என்று கேட்டேன். பாதிப் பேர் 'வெயில் அதிகம்' என்று எழுதியிருந்தார்கள். அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளின் தண்ணீரைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டதை நான் சொல்லத்தான் செய்தேன். படம் ஓடும்போது ஆசிரியர் குரல் யார் காதில் விழுகிறது?

இன்னொரு சிக்கல் அளவை. 1:50,000 என்றால் வரைபடத்தில் 2 சென்டிமீட்டர், தரையில் 1 கிலோமீட்டர். காகிதத்தில் படித்த எங்களுக்கு அது விரல் நுனியில் இருந்தது. இரண்டு விரலால் விரித்தும் சுருக்கியும் பழகிய பிள்ளைக்கு, வரைபடத்துக்கு அளவை என்று ஒன்று உண்டு என்பதே தெரியவில்லை. ஒவ்வொரு விரிப்பிலும் அது மாறிக்கொண்டே இருக்கிறதே! திரையின் மூலையில் கிடக்கும் அந்தச் சின்ன அளவுக்கோட்டை என் வகுப்பில் யாரும் பார்த்ததேயில்லை.

சரி, வெளியே போகலாம் என்றால் அங்கேயும் இதே கதைதான். ஒரு வருடம் பள்ளியே ஏற்பாடு செய்து பிள்ளைகளைச் சாகச முகாம் ஒன்றுக்கு அனுப்பியது. இடுப்பில் கயிறு கட்டிப் பாறையில் இறங்கினார்கள், காற்றடைத்த படகில் ஆற்றில் போனார்கள், தலைக்கவசத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பயம் தெளிந்து திரும்பினார்கள், அது நல்லதுதான், குறை சொல்லவில்லை. திங்கட்கிழமை வகுப்பில், நீங்கள் படகில் போன ஆறு எந்தத் திசையில் ஓடியது என்று கேட்டேன். மௌனம். கடைசியில் ஒரு பையன் எழுந்து, "கீழ்நோக்கி ஓடுச்சு மிஸ்" என்றான். தவறு என்று சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் வேறு வழி பிடித்தேன். போகப்போகிற இடத்தைத் திரையில் பார்த்து, அங்கே என்ன இருக்கும் என்று பிள்ளைகள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அப்புறம் அங்கே போக வேண்டும். திரும்பி வந்து, எங்கே ஏமாந்தோம், ஏன் ஏமாந்தோம் என்று திரையைத் திறந்து பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். களைப்பு, அடுத்த பாடம், அடுத்த தேர்வு என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. என் அனுபவத்தில் பாடம் முழுக்க அங்கேதான் கிடக்கிறது.

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "இந்தப் பழுப்புக் கோட்டை எல்லாம் மலைமேல யாரு மிஸ் போட்டது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவள் ஒருத்திதான் வாய்விட்டுக் கேட்டாள். பள்ளிக்குப் பின்னால் ஒரு சிறு குன்று இருக்கிறது. கட்டட வேலையில் மட்டம் பார்ப்பார்களே, அதுபோல ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டோம். அதன் இரண்டு முனைகளையும் ஒரே உயரமுள்ள இரண்டு குச்சிகளில் கட்டினோம். ஒரு முனையோடு ஒருவன் நின்றுகொள்வான். மறுமுனையோடு இன்னொருவர் சரிவில் ஏறி இறங்கிப் பார்த்து, இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே குறியில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நிற்க வேண்டும். பிறகு அங்கிருந்து அடுத்தவர். 34 பேர் நின்று முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஒரு மேட்டைச் சுற்றி வெளியே வளைந்த வரிசை, சின்ன ஓடைப் பள்ளம் வந்ததும் உள்ளே மடங்கியது. பள்ளத்தில் நின்றவன் கத்தினான்: "மிஸ், எல்லாரும் அங்க இருக்காங்க, நான் மட்டும் ஏன் உள்ள வந்து நிக்கிறேன்?" சம உயரக் கோடு ஓடையைக் கடக்கும்போது அதன் முனை ஓடை வரும் பக்கமாக, மேல்நோக்கி மடங்கும் என்று நான் பதினைந்து வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பையனே அந்த முனையாக நின்றான். குன்றின் மேலிருந்து ஒருத்தி எடுத்த படத்தையும் இணையத்தில் கிடைக்கும் இலவச உயர வரைபடத்தையும் மறுநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வளைவுகள் பெரும்பாலும் பொருந்தின. அவன் நின்ற பள்ளம் மட்டும் வரைபடத்தில் இல்லை.

ஏன் இல்லை? இங்கேதான் வகுப்பு சூடு பிடித்தது. இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடங்கள் பலவற்றுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ரேடாரால் எடுத்த அளவீடு. உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அது அளந்தது. ஆனால் அதில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டம் ஒன்றுக்கு ஓர் உயரம்தான். எங்கள் பள்ளத்தின் அகலம் ஆறு மீட்டர். கட்டத்துக்குள் விழுந்து காணாமல் போய்விட்டது. 'வரைபடம் பொய் சொல்லிடுச்சு' என்று ஒருவன் எழுதினான், 'வரைபடத்தின் சல்லடைக் கண் பெரிசு' என்று இன்னொருத்தி எழுதினாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

நேரக் கணக்கிலும் இப்படித்தான் மாட்டிக்கொண்டோம். ஒரு மேட்டு உச்சிக்குத் திரையில் தூரம் 2.4 கிலோமீட்டர் என்று காட்டியது. மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்போம், அரை மணியில் போய்விடலாம் என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. ஏற்றம் 180 மீட்டர் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் எளிய கணக்கு ஒன்றைச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி பார்த்தால் எங்களுக்கு 47 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். மிச்சம் 23 நிமிடம் எங்கே போனது? காலணிக் கயிறு அவிழ்ந்தது, தண்ணீர் குடித்தது, ஓணானைப் பார்த்தது என்று பட்டியல் போட்டார்கள். அடுத்த பயணத்துக்கு வகுப்பே தனக்கென்று ஒரு சூத்திரம் உண்டாக்கிக்கொண்டது: நெய்ஸ்மித் கணக்கு, அதற்கு மேல் பாதி.

அந்தச் சூத்திரத்தை நம்பி ஒருமுறை பாதியில் திரும்பியும் இருக்கிறோம். பதினொன்றரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்று முந்தின நாள் அவர்களே முடிவு செய்திருந்தார்கள். மணி அடித்தபோது உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். என்னைத் திட்ட வழியில்லை, நேரத்தைக் குறித்தவர்கள் அவர்கள்தானே. படகிலும் கயிற்றிலும் கிடைப்பதைவிட இதைத்தான் நான் சாகசம் என்பேன். ஆபத்து இருக்கும், அதைக் கணக்குப் போட்டவர்களும் பிள்ளைகளாகவே இருப்பார்கள்.

ஜிபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பள்ளியில் மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது. நானும் அதை மாற்றச் சொல்லவில்லை. வீட்டில் சும்மா கிடந்த மூன்று பழைய போன்களை, சிம் இல்லாமல், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு போகிறேன். சிம் இல்லாமல் எப்படி நம்மை செயற்கைக்கோள் பார்க்கும் என்று கேட்காத பிள்ளை இல்லை. செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதே இல்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 'இப்போது மணி இன்னது, நான் இருப்பது இன்ன இடம்' என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. போன் காதைக் கொடுத்துக் கேட்டு, எந்தக் குரல் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்து இடத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களாவது கேட்க வேண்டும். கடிகாரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் தப்பிவிடும்.

இதை வகுப்பில் சொன்னபோது கொட்டாவி விட்டார்கள். பாறை இடுக்கு ஒன்றில் நுழைந்தபோது நீலப் புள்ளி துள்ளி ஓடையின் அக்கரைக்குப் போய்விட்டது. "மிஸ், நான் இப்ப தண்ணியைத் தாண்டி நிக்கிறேனாம்!" என்றான் போன் வைத்திருந்தவன். பாறையில் பட்டு எதிரொலித்து வரும் சமிக்ஞை சுற்றுவழியில் வருவதால் தாமதமாகிறது, போன் ஏமாறுகிறது. கொட்டாவி விட்டவர்களே பாறைக்கு உள்ளேயும் வெளியேயுமாக நடந்து, புள்ளி எங்கே எத்தனை மீட்டர் துள்ளுகிறது என்று அடியெண்ணி அளந்தார்கள். அடியெண்ணுவதை முன்பே பழக்கியிருந்தேன். 100 மீட்டருக்கு எனக்கு 66 இரட்டை அடி, வகுப்பில் குட்டைப் பையனுக்கு 81. அளவை பற்றிய பயம் தீர்ந்ததும் அப்படித்தான். தூரம் காலுக்குத் தெரிந்துவிட்டால் திரையில் எவ்வளவு விரித்தாலும் சுருக்கினாலும் குழப்பம் வருவதில்லை.

ஒளித்து வைத்த பெட்டியைக் கண்டுபிடிக்கும் விளையாட்டும் உண்டு. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்க அரசு 2000 மே 2ஆம் தேதி நிறுத்தியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் போட்டார். அந்த விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. எங்கள் பிள்ளைகள் முதல் தடவை அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்டு, பெட்டி நடுக்கடலில் இருக்கிறது என்று வந்து நின்றார்கள். இன்னொரு குழு தசமப் புள்ளிக்குப் பின் இரண்டே எண்கள் எழுதியிருந்தது. இரண்டு எண் என்றால் ஒரு கிலோமீட்டர் வரை தடுமாற்றம், ஐந்து எண் எழுதினால் ஒரு மீட்டர். இதை நான் நடத்தவேயில்லை. முள்ளுக்குள் அரை மணி நேரம் தேடியதில் அவர்களாகவே புரிந்துகொண்டார்கள்.

ஒரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்பில் காலில் தாங்கி போட்டு நடக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். முதல் இரண்டு பயணங்களுக்கும் அவளை அடிவாரத்தில் மடிக்கணினியோடு உட்காரவைத்து, 'நீதான் கட்டுப்பாட்டு அறை' என்று பெரிதாகச் சொன்னேன். மூன்றாவது தடவை, "எல்லாரும் நனைஞ்சு வராங்க, நானும் நனையணும் மிஸ்" என்றாள். அதன் பிறகு பயண வழியைத் தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு ஆனது. உயரத் தரவை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டால் சரிவு எங்கே செங்குத்து, எங்கே மெது என்று வண்ணத்தில் வந்துவிடும். அவள் கண்டுபிடித்த சுற்றுவழி எங்கள் வழக்கமான வழியைவிட 600 மீட்டர் நீளம். மூச்சு வாங்காமல் போய்ச் சேர்ந்தது எனக்கும் பிடித்திருந்தது.

அந்தச் சுற்றுவழியில்தான் இரண்டாவது ஓடை குறுக்கிட்டது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அது இல்லவே இல்லை. 2004இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம் அது. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து போர்த்-ஓ-பிரின்ஸ் நகரத் தெருக்களைச் சில நாட்களில் அதில் வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை வைத்துக்கொண்டு வேலை செய்தன. ஒரு கோடு தப்பாக விழுந்தால் யாரோ ஒருவர் தப்பான தெருவுக்குப் போவார் என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளைகளைத் தொடவிட்டேன். கணக்கு என் பெயரில் இருக்கிறது. பிள்ளைகள் பெயரோ படமோ இணையத்தில் ஏறாது.

வரைவதற்கு முன் ஓடையை அளந்தோம். அகலம் 2.4 மீட்டர், சராசரி ஆழம் 25 சென்டிமீட்டர். 10 மீட்டர் தூரத்தைக் காய்ந்த குச்சி 20 நொடியில் கடந்தது. மேலே ஓடும் வேகம் அடியில் இருக்காது என்பதால் 0.85ஆல் பெருக்க வேண்டும். நொடிக்கு 255 லிட்டர் என்று விடை வந்ததும் யாரும் நம்பவில்லை, மூன்று தடவை பெருக்கினார்கள். இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேள்வி வந்தது. நான் கேட்கச் சொல்லவில்லை. ஏரல் கடலை இன்னொரு முறை அப்போது காட்டினேன். ஒரே முறைதான் ஓட்டினேன். "மேல யாரோ ஆத்தைத் திருப்பிட்டாங்க" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

இதற்கெல்லாம் தடை என்ன என்று கேட்பீர்கள். பணம் என்று சொல்லமாட்டேன். நான் சொன்ன மென்பொருட்கள் எல்லாம் இலவசம், குன்றும் இலவசம். தடை பாடவேளை. 40 நிமிடத்தில் செருப்பு மாட்டி வாசலுக்குப் போகலாம், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். பெற்றோர் பயப்படுகிறார்கள், பயப்படத்தான் வேண்டும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், காகித வரைபடமும் திசைகாட்டியும் பையில், வானம் இருட்டினால் போகவே கூடாது என்பதில் நான் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை. ஒருமுறை மூன்று போனும் ஒரே நேரத்தில் அணைந்துபோயின, காகிதம்தான் கூட்டி வந்தது.

பெரிய தடை வினாத்தாள். வெற்று வரைபடத்தில் ஆறுகளையும் மலைகளையும் குறிக்கச் சொல்லும் கேள்வி இருக்கும்வரை, பிள்ளை அதை மனப்பாடம் செய்யத்தான் பார்க்கும். அதற்குப் பதில், இதுவரை பார்த்திராத ஓர் உயர வரைபடத்தைக் கொடுத்து, இரவு எங்கே கூடாரம் போடுவாய், மழை வந்தால் எந்த வழியில் இறங்குவாய், ஏன் என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். பாடத்திட்டம் வகுப்பவர்கள் உங்கள் நாளிதழைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

ஓடையை வரைந்து ஏற்றிய நான்காம் நாள், முன்பின் தெரியாத யாரோ ஒருவர், எங்கோ இருந்துகொண்டு, எங்கள் திருத்தத்தின் கீழே ஒரு கேள்வி போட்டிருந்தார். இந்த ஓடை வருடம் முழுக்க ஓடுமா, மழைக்காலத்தில் மட்டும் ஓடுமா? வரைபடத்தில் இரண்டுக்கும் வேறு வேறு குறியீடு. வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரியாது, பார்த்துச் சொல்கிறோம் என்று பிள்ளைகள் பதில் எழுதச் சொன்னார்கள். மழை நின்றதிலிருந்து தினமும் இரண்டு பேர், பெரியவர் ஒருவர் துணையோடு, பள்ளி விட்டதும் போய்ப் பார்த்துவிட்டு வந்து கரும்பலகை ஓரத்தில் எண்ணை மாற்றி எழுதுகிறார்கள். இந்தக் கடிதம் எழுதும் இன்றைக்கு அந்த எண் 41. நீர் கணுக்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது, ஆனால் ஓடுகிறது.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியை